குணமும் குணமாதலும்: நெடுநாள் சுரப்பு நோயில் உடற்குறி, மனநிலை, வாழ்நலம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

குணம் என்னும் சொல் இன்றைய தமிழில் இரு வழக்குகளில் பயின்று வருகிறது. ஒருவருடைய இயல்பையும் ஒழுகலாற்றையும் குறிப்பது ஒன்று. நோய் நீங்கியதைக் ‘குணமாயிற்று’ எனக் குறிப்பது மற்றொன்று. இரண்டாவது பொருள் பேச்சு வழக்கில் எவ்வாறு கால்கொண்டது என்பது சொல்லாய்வுக்கு உரியது. அவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று மோதும் ஓரிடம் உண்டு. அதுவே இங்கு ஆராயப்படுகிறது. நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய நெடுநாள் நோய்களே அவ்விடம். காய்ச்சல் கண்டவரின் குணத்தை எவரும் ஐயுறுவதில்லை. எலும்பு முறிந்தவரைச் சோம்பர் என எவரும் பழிப்பதில்லை. தைராய்டு சுரப்பி குன்றியவர் நிலையோ வேறு. அவருடைய நோய் நடையின் மந்தமாகவும், மறதியாகவும், பகல் உறக்கமாகவும், முகவாட்டமாகவும், சிடுசிடுப்பாகவும் வெளிப்படுகிறது. இவை அனைத்தும் ஒருவருடைய குணத்தைப் பற்றிப் பேசும்போது ஊரார் வழங்கும் சொற்கள்.

இதனால் இருவகைத் தவறு நேர்கிறது. நோய் கண்டறியப்படுமுன் நோயின் குறி குணக்குற்றமாகப் படிக்கப்படுகிறது. கண்டறியப்பட்டபின் உற்றவரின் நியாயமான சினமும் மறுப்பும் நோயின் குறியாகப் படிக்கப்படுகின்றன. எதிரெதிர்த் திசையில் செல்வனபோலத் தோன்றினும், உற்றவரைக் கேளாமலே அவருடைய உடலைப் பிறர் படித்து முடித்துவிடுதல் என்ற ஒரே பிழையிலிருந்து இவ்விரண்டும் பிறக்கின்றன. முதல் தவறு பலரும் அறிந்தது. இரண்டாவது தவறு பரிவின் உருவில் வருவதால் எளிதில் புலப்படுவதில்லை.

களம்

பெங்களூரின் தென்கிழக்கே, ஓசூர்ச் சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் அமைந்த சந்தாபுரா இச்சிக்கலைக் காண்பதற்கு ஏற்ற ஊர். அதன் ஒருபுறம் எலெக்ட்ரானிக் சிட்டியும் பொம்மசந்திராத் தொழிற்பேட்டையும் உள்ளன. மறுபுறம் அத்திப்பள்ளியும் அதனையடுத்துத் தமிழக எல்லையும் உள்ளன. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து வேலைக்கென வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் இச்சாலை நெடுகிலும் வாழ்கின்றன. 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டபின் நகரம் இன்னும் அருகில் வந்துள்ளது. பெரிய மருத்துவமனைகளும் குருதி ஆய்வகங்களும் எட்டும் தொலைவில் உள்ளன. ஆனால் அங்குப் பேசப்படுவன கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும். மருத்துவம் அண்மையில் இருக்க, அம்மருத்துவத்திடம் தன் உடலைச் சொல்லுதற்கான மொழி சேய்மையில் இருக்கும் ஊர் அது.

அங்கு வாழும் ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவள் கற்பனை மாந்தரே; எனினும் அவளை ஒத்தவர் பலர் உளர். நாற்பதை அணுகும் வயது. ஆயத்த ஆடைத் தொழிலகத்தில் தையல் வேலை. கணவர், பள்ளி செல்லும் இரு மக்கள், உடன் வாழும் மாமியார். ஓராண்டாக அவளுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. விடியற்காலைக் குளிர் மற்றவர்க்கு இதமாக இருக்க, அவள் மட்டும் போர்வையை விட்டு எழமாட்டாமல் கிடக்கிறாள். முடி உதிர்கிறது, தோல் வறள்கிறது, உண்பது குறைந்தும் எடை கூடுகிறது, குரல் கம்முகிறது. தொழிலகத்தில் மேற்பார்வையாளர் அவளை மந்தம் என்கிறார். வீட்டில் ‘அசமந்தம்’ என்ற சொல் புழங்குகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனது ஒருமுறை என்றால் பொறுக்கலாம். வாரம் இருமுறை என்றால் அது அவளுடைய ‘பொறுப்பின்மை’ ஆகிவிடுகிறது. நாளடைவில் அவளும் அதனை நம்பத் தொடங்குகிறாள்.

இத்தகையோர் தொகை சிறிதன்று. பெங்களூர், சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வயதுவந்தோரிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 11 விழுக்காட்டினர்க்குத் தைராய்டு குறைவு இருப்பதைக் கண்டது. பெண்களிடையே அது 16 விழுக்காட்டை ஒட்டியும் ஆண்களிடையே 5 விழுக்காட்டை ஒட்டியும் இருந்தது. பெண்களிடம் மும்மடங்கு மிகுந்து காணப்படும் நோய் ஒன்றின் குறிகள், பெண்ணிடம் சமூகம் பொறுத்துக்கொள்ள மறுக்கும் குறைகளோடு பெரிதும் ஒத்திருப்பது கருதத்தக்கது. வாழ்க்கைத் துணைநலம் பற்றிய அதிகாரத்தில் இல்லாளின் இலக்கணங்களுள் ஒன்றாகச் சோர்வின்மையைத் திருவள்ளுவர் வைத்தார். உரைமரபு அங்குச் சோர்வை மறவி எனக் கொள்கிறது. உடல் தளர்ச்சி, மறதி எனச் சோர்வு என்னும் சொல் தாங்கும் இரு பொருளும் இந்நோயின் தலையாய குறிகள்.

மடியும் பிணியும்

மடியின்மை அதிகாரத்தில் ஒரு குறள் நான்கு குற்றங்களை ஒருங்கு வைத்துக் கூறுகிறது. காலம் நீட்டித்தல், மறத்தல், சோம்பல், துயில் என்னும் இந்நான்கும் கெட்டழிவோர் விரும்பி ஏறும் மரக்கலம் என்பது அதன் கருத்து. தைராய்டு குன்றியவரிடம் மருத்துவர் காணும் குறிகளை வரிசைப்படுத்தின் இந்நான்கும் அப்பட்டியலில் இடம்பெறும். செயல் மந்தம், நினைவுத் தடுமாற்றம், ஊக்கமின்மை, மிகு உறக்கம் என்று பெயர் மட்டும் வேறுபடும். அறநூல் குற்றமெனக் கடிந்ததை மருத்துவநூல் குறியெனக் குறிக்கிறது. அவ்வாறாயின் திருக்குறள் நோயுற்றாரையும் சேர்த்துப் பழித்ததோ என்ற வினா எழலாம்.

விடை அக்குறளிலேயே உள்ளது. அந்நான்கையும் கெடுவோரின் காமத்துக்குரிய கலமாக அது உருவகம் செய்கிறது. காமம் என்பது ஈண்டு விருப்பம். விரும்பி ஏறுபவனுக்கே அது குற்றம். கடலில் தள்ளிவிடப்பட்டு மிதக்கும் கட்டையைப் பற்றியவனை அக்கலத்தில் ஏறியவனாக எண்ணுதல் பொருந்தாது. எனவே ஒரு செயலோ செயலின்மையோ குற்றமாவது அதன் புறத்தோற்றத்தால் அன்று, அதன்கண் நின்ற விருப்பத்தால் என்பது அக்குறளின் உள்ளீடு எனலாம். சிக்கல் என்னவெனில், விருப்பம் புறத்தார்க்குப் புலப்படுவதில்லை. தோற்றம் மட்டுமே புலப்படுகிறது. பகல் பொழுதில் படுத்திருக்கும் இருவருள் ஒருவர் மடியுடையார், மற்றவர் பிணியுடையார் என்பதைக் கண்ணால் கண்டு பிரித்தறிய இயலாது. கேட்டே அறிதல் வேண்டும்.

மருத்துவ வரலாறும் இங்குத் துணைசெய்கிறது. 1873இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கல், வயதுவந்த பெண்களிடம் தோன்றும் ஒரு நிலையை விளக்கினார். முகம் ஊதி, நா தடித்து, அசைவு மந்தமாகிய அப்பெண்களின் மனமும் மாறியதை அவர் குறித்தார். முன்பு சுறுசுறுப்பும் அறியும் ஆர்வமும் கொண்டிருந்த மனம், மென்மையான ஒரு பற்றின்மைக்குள் அமிழ்ந்துவிட்டது. ஆயினும் அறிவு கெடவில்லை என்பது அவர் கண்டது. இக்குறிப்பு இன்றும் வியப்பளிக்கிறது. அறிவு கெடாமலே குணம் மாறியது என்றால், தான் மாறியதை அப்பெண் அறிந்தே இருந்தாள் என்பது பெறப்படும். 1891இல் ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவர் ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை இந்நோயுற்ற 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசிவழிச் செலுத்தினார். பேச்சும் நடையும் மலர்ச்சியும் மீண்டன. அப்பெண் தொடர்ந்து அச்சுரப்பி மருந்தைக் கொண்டு மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் மறைந்தார். ஹார்மோன் என்ற சொல்லையே ஸ்டார்லிங் 1905இல்தான் வழக்குக்குக் கொண்டுவந்தார் என்பதை நோக்க, சொல் பிறக்குமுன்பே அதன் ஆற்றல் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

ஆட்டுச் சுரப்பியின் சாற்றில் ஒருத்தியின் குணம் மீளும் எனின், குணம் என்பது யாது? உயிருக்குரியதா, உடலுக்குரியதா? சமய மெய்யியல்கள் இதற்குத் தத்தம் விடையை வைத்துள்ளன. அவற்றுள் புகாமல் ஒன்றை மட்டும் கூறலாம். மருந்து அப்பெண்ணுக்குப் புதிய குணத்தைத் தரவில்லை. முன்பிருந்த அவளுடைய குணத்துக்கு வழிவிட்டது. அதனை அறிந்து சொல்லத்தக்கவர் அவளும் அவளை முன்பே அறிந்தோரும் மட்டுமே. ‘குணமாயிற்று’ என்ற தமிழ் வழக்கு இவ்விடத்தில் மிகத் துல்லியமானது.

மனநோயென மயங்கியதும் உண்டு. 1949இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் மருத்துவர், தைராய்டு குறைவால் சித்தம் கலங்கிய 14 நோயாளரைப் பற்றி எழுதினார். சுரப்பி மருந்து அளித்தபின் பலர் தெளிவடைந்தனர். எல்லா மனச்சோர்வும் சுரப்பியின் வினையன்று. ஆனால் சுரப்பியை ஆராயாமல் மனத்தைக் குறைகூறியதற்கு மருத்துவத்துறையே சான்று வைத்துள்ளது.

‘நார்மல்’ என்னும் சொல்

நம் எடுத்துக்காட்டுப் பெண் இறுதியில் குருதி ஆய்வு செய்துகொள்கிறாள் எனக் கொள்ளலாம். கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி குன்றும்போது, அதனைத் தூண்டும் பொருட்டு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை மிகுதியாக விடுக்கிறது. ஆகவே டி.எஸ்.எச். உயர்வு தைராய்டு தாழ்வின் அறிகுறி. லெவோதைராக்சின் மாத்திரை எழுதித் தரப்படுகிறது. வெறும் வயிற்றில் உட்கொண்டு, குறைந்தது அரைமணி நேரம் காப்பியோ உணவோ இன்றி இருத்தல் வேண்டும். விடியுமுன் தொழிலகப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய ஒருத்திக்கு இவ்வரைமணி எளிய செய்தியன்று. மருந்தளவு உடலில் நிலைபெறச் சற்றேறக்குறைய ஆறு வாரம் ஆகும். பின் மறு ஆய்வு. எண் வரம்புக்குள் வந்துவிடுகிறது. ‘ரிப்போர்ட் நார்மல்’ என்கிறார்கள். அவளோ இன்னும் அசதியாக இருக்கிறது என்கிறாள்.

இவ்விடத்தில்தான் அறவியல் வினா கூர்மை பெறுகிறது. எண் ஒன்றைச் சொல்கிறது. உற்றவள் மற்றொன்றைச் சொல்கிறாள். யாருடைய சொல் ஏற்கத்தக்கது?

ஆய்வறிக்கையிலுள்ள வரம்பு எவ்வாறு வகுக்கப்படுகிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நலமுடையோர் எனக் கருதப்படும் பலரை ஆய்ந்து, அவர்களுள் நடுப்பகுதி 95 விழுக்காட்டினரின் அளவுகள் வரம்பாகக் கொள்ளப்படுகின்றன. அது கூட்டத்தின் அளவு. தனியொருவரின் இயல்பு அன்று. 2002இல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வு, நலமுடைய ஆடவர் சிலரின் தைராய்டு ஹார்மோன் அளவுகளை மாதந்தோறும் ஓராண்டு அளந்தது. ஒவ்வொருவருடைய அளவும் தத்தம் குறுகிய எல்லைக்குள்ளேயே நின்றது; அவ்வெல்லை கூட்டத்தின் வரம்பைவிடப் பெரிதும் குறுகியது. ஆகவே ஒருத்தி கூட்டத்தின் வரம்புக்குள் இருந்துகொண்டே தன் இயல்பிலிருந்து விலகியிருத்தல் கூடும். பிரெஞ்சு மெய்யியலாளர் ஜார்ஜ் காங்கிலேம் 1943இல் முன்வைத்த கருத்தும் இதுவே: இயல்பு என்பது சராசரி அன்று, தன் சூழலில் தனக்கான நெறியை அமைத்துக்கொள்ளும் உயிரின் ஆற்றல். தமிழில் இயல்பு என்னும் சொல் அவ்வொருவரது தன்மையையே குறிக்கும். ‘நார்மல்’ என்பதற்கு அதனை நேராக்கி வழங்கும் மொழிபெயர்ப்பு ஒரு குழப்பத்தை உடன்கொண்டு வருகிறது.

எனினும் மறுதரப்பையும் கூறாது விடலாகாது. மாத்திரையால் டி.எஸ்.எச். சீராகியும் குறிகள் நீங்காதோர் 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கலாம் என மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. இவர்களுக்கு டி-4 ஹார்மோனோடு டி-3 ஹார்மோனையும் சேர்த்தளித்தால் பயன் விளையும் என 1999இல் ஓர் ஆய்வு நம்பிக்கை தந்தது. பின்வந்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை அதனை உறுதிசெய்யவில்லை. அசதிக்குக் குருதிச்சோகை, உறக்கக் குறை, மனச்சோர்வு, ஓய்வற்ற உழைப்பு எனப் பல காரணங்கள் உண்டு. ‘எனக்குத் தைராய்டு’ என்று நோயாளி சொல்வதாலேயே அதுதான் காரணம் என ஆகிவிடாது. (தைராய்டு எல்லார்க்கும் உண்டு. உறுப்பின் பெயர் நோயின் பெயராகிவிட்டமை, உண்ணும் சர்க்கரை நோய்ப்பெயரானதை ஒத்த வழக்கு.)

ஆதலின் ஒரு வரையறை இன்றியமையாதது. தான் படும் துன்பம் இன்னது என்பதில் உற்றவரின் சொல்லே இறுதிச் சான்று. அதற்கு மேல்முறையீடு இல்லை. அத்துன்பத்துக்குக் காரணம் இன்னது என்பதில் அவர் சொல் ஒரு சான்று. ஒரே சான்று அன்று. ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று கூறி அனுப்பிவிடுவோர் காரணம் பற்றிய தம் அறிவைக் கொண்டு துன்பம் பற்றிய அவளுடைய அறிவை மறுக்கின்றனர். எண் அவள் சுரப்பியைப் பற்றிய விடை. அவள் கேட்டதோ வேறு வினா.

இவ்வேறுபாடு தமிழ் உரைமரபுக்குப் புதிதன்று. மருந்து அதிகாரம் மருத்துவன் கருதவேண்டியவற்றைக் கூறுங்கால் உற்றானின் அளவை முதலிலும் பிணியின் அளவை அடுத்தும் காலத்தை அதன் பின்னும் வைக்கிறது. உற்றான் அளவு என்பதனுள் பருவம், வலிமை முதலியவற்றோடு வேதனையையும் பரிமேலழகர் சேர்க்கிறார். பிணியின் வகையாக அவர் சாத்தியம், அசாத்தியம், யாப்பியம் என மூன்றைக் காட்டுகிறார். முற்றத் தீராது, மருந்துள்ள மட்டும் அடங்கி நிற்கும் யாப்பியமே இன்று நெடுநாள் நோய் எனப்படுவது. தீரும் நோயில் மருத்துவனின் வினா ‘நீங்கிற்றா’ என்பது. யாப்பியத்தில் அவ்வினாவுக்குப் பொருளில்லை. ‘எவ்வாறு வாழ்கிறாய்’ என்பதே கேட்கத்தக்கது. அடுத்த குறள் உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நாற்கூறாக்குகிறது. உற்றவனுக்குரிய கூறுகளுள் ஒன்றாகத் தன் நோய்நிலையை உணர்த்தும் ஆற்றலை அதே உரையாசிரியர் வைத்தார். உணர்த்துதல் ஒருவன் கடமை எனின், கேட்டுணர்தல் மற்றவன் கடமை என்பது சொல்லாமலே அமையும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 1990களில் வாழ்நலத்தை அளக்க வினாநிரல் ஒன்றை உருவாக்கியபோது, ஒரு மொழியில் எழுதிப் பிறமொழிகளில் பெயர்க்காமல், உலகின் 15 மையங்களில் ஒருங்கே அதனை உருவாக்கியது. அவற்றுள் சென்னை ஒன்று. தாம் வாழும் பண்பாட்டிலும் விழுமியங்களிலும் நின்று, தம் நோக்கங்களையும் எதிர்பார்ப்புகளையும் கொண்டு, ஒருவர் தம் வாழ்வைத் தாமே எவ்வாறு காண்கிறார் என்பதே வாழ்நலம் என அது வரையறுத்தது. பிறர் காண்பது அங்குக் கணக்கில் இல்லை. ‘வாழ்க்கைத் தரம்’ என்ற பெயர்ப்பு வருவாயையும் வீட்டுப் பொருள்களையும் நினைவூட்டுவதால், ‘வாழ்நலம்’ என்பதே இக்கருத்துக்குப் பொருந்தும்.

வேலனும் தோழியும்

உற்றவளைக் கேளாது அவள் உடலைப் படித்தலின் விளைவை அகப்பாடல்கள் நன்கறியும். தலைவியின் மேனி வேறுபடுகிறது; வளை நெகிழ்கிறது; பசலை படர்கிறது. அன்னை அஞ்சி வேலனை அழைக்கிறாள். அவன் முருகனால் வந்தது என்கிறான். வெறியாட்டு நிகழ்கிறது. தலைவியின் நோய் இன்னதென அறிந்தவள் தலைவி. அவளை வினவியறிந்தவள் தோழி. மற்ற அனைவரும் மேனியைக் கண்டு முடிவுகட்டியோர். அன்னையின் அன்பில் குறையில்லை, வேலனிடமும் வஞ்சமில்லை. அன்பும் நன்னோக்கமும் இருந்தும் பிழை நேர்கிறது என்பதே வெறியாட்டுத் துறையின் நுட்பம். குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி செவிலியிடம் உண்மையை எடுத்துரைக்கும் கூற்றாக அமைந்தது. அச்செயலுக்கு மரபு இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். ஒருத்தியின் மெய்ந்நிலையைக் கேட்டறிந்து, கேட்கத் தக்கவர்முன் கொண்டுசேர்த்தலை அறம் என்றே மரபு குறித்தது.

மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில் அறிதல் சார்ந்த அநீதி என்ற கருத்தை விரித்துரைத்தார். பேசுபவரின் பால், இனம் முதலியன பற்றிய முற்சாய்வால் அவர் சொல்லுக்குரிய நம்பகம் குறைக்கப்படுதல் அதன் ஒரு வகை. தன் பட்டறிவை விளக்கவல்ல சொல்லே சமூகத்தில் இல்லாது போதல் மற்றொரு வகை. முதல்வகையைச் சந்தாபுராப் பெண்ணிடம் வெளிப்படையாகக் காணலாம். இரண்டாம் வகை சற்றுச் சிக்கலானது. ஏனெனில் அவள் மொழியில் சொல் இல்லாமல் இல்லை. உழைப்பின்பின் வந்து ஓய்வால் தீர்வது களைப்பு. உழையாமலே வந்து உறங்கியும் தீராதது அசதி. மனமும் உடன் சரிவது சோர்வு. கைகால் தன் வயத்தில் இல்லாமை ஓய்ச்சல். இத்தனையும் கன்னடத்தில் ‘சுஸ்து’ என்ற ஒரு சொல்லாகவும், மருத்துவக் குறிப்பில் ‘டயர்டு’ என்ற ஒரு சொல்லாகவும் சுருங்குகின்றன. சொல் இருந்தும் செல்லுபடியாகாத நிலை இது.

மெய்ப்பாட்டியலும் இங்கு நோக்கத்தக்கது. பிணியைத் தொல்காப்பியர் அழுகையின் நிலைக்களனாக வைக்கவில்லை. மூப்பு, வருத்தம், மென்மை ஆகியவற்றோடு இளிவரலின் நிலைக்களனாக வைத்தார். அழுகைக்கு அவர் கூறிய நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல் இளிவு என்றும், பண்டை நிலை கெட்டு வேறாகி வருந்துதல் அசைவு என்றும் உரைகாரர் விளக்குவர். நோயாளி அழுவது நோய்க்காக அன்று. நோயால் தாழ்வுற்று, அத்தாழ்வு பிறர் இகழ்ச்சியாக மாறும்போதும், தான் முன்பிருந்தவள் இப்போது இல்லை என உணரும்போதுமே அழுகை பிறக்கிறது. இவ்வாறு பொருள்கொள்ளுதல் நூற்பாவின் கருத்தைச் சற்று நீட்டுவதே. ஆயினும் நெடுநாள் நோயின் மனநிலையை இதனினும் செறிவாக வகுத்தது அரிது. மனச்சோர்வில் ஒரு பகுதி ஹார்மோன் குறைவின் நேர்விளைவு. ஒரு பகுதி இளிவின் விளைவு. முன்னதற்கு மாத்திரை உண்டு.

யாருடைய சினம்

நோய்க்குப் பெயர் கிடைத்தபின் வீட்டின் போக்கு மாறுகிறது. ‘பாவம், அவளுக்குத் தைராய்டு’ என்கிறார்கள். அசமந்தம் என்ற சொல் மறைகிறது. இது பெரிய ஆறுதலே. ஆனால் சில மாதங்களில் வேறொன்று தலைகாட்டுகிறது. தொழிலகத்திலிருந்து திரும்பியவள், சமையலும் துவைப்பும் தன் ஒருத்தி தலையிலேயே விழுவதைச் சுட்டிச் சினக்கிறாள். மறுமொழியாகக் கிடைப்பது ஒரு வினா: ‘இன்றைக்கு மாத்திரை போட்டாயா?’

இவ்வினாவில் பரிவு உண்டு, மறுப்பும் உண்டு. அவள் கூறியது வேலைப்பகிர்வு பற்றிய ஒரு நியாயம். அது நியாயமா அன்றா எனக் கேட்கப்படவில்லை. அதன் ஊற்று எது என்று மட்டும் கேட்கப்பட்டது. பி. எஃப். ஸ்ட்ராசன் 1962இல் எழுதிய கட்டுரையில் மாந்தரிடம் நாம் கொள்ளும் இருவகை நோக்கை வேறுபடுத்தினார். ஒருவர்மேல் சினத்தல், நன்றிகொள்ளுதல், மன்னித்தல் என அவரை நம்மொடு ஒத்தவராகக் கருதும் நோக்கு ஒன்று. கையாளப்படவும் மருத்துவம் செய்யப்படவும் உரிய பொருளாகக் கருதும் நோக்கு மற்றொன்று. நோயின் பெயர் குடும்பத்தாரை முதல் நோக்கிலிருந்து இரண்டாவதற்கு எளிதில் நகர்த்திவிடுகிறது. அதன்பின் அவள் எது சொன்னாலும் சுரப்பி பேசுவதாகவே கேட்கும். முன்பு அவள் உடல் கூறியது கேட்கப்படவில்லை; இப்போது அவள் உள்ளம் கூறுவது கேட்கப்படவில்லை.

எதிர்வினா ஒன்று எஞ்சுகிறது. சுரப்பி நிலைகுலைந்த நாளில் குழந்தையை அவள் அடித்துவிடுகிறாள் எனின், அதற்கு அவள் பொறுப்பாளியா? பொறுப்பாளி எனின் மீண்டும் குணக்குற்றம். இல்லை எனின் அவள் சுரப்பியின் கைப்பாவை. நடுவழி ஒன்று உண்டு. சினம் எழுந்ததற்கு அவள் பொறுப்பில்லாமல் இருக்கலாம். அச்சினத்தைப் பின்னர் எவ்வாறு மதிப்பிடுகிறாள் என்பதற்கு அவள் பொறுப்பு. ‘இது என்னுடையதன்று’ என்றோ ‘இது மிகையாயினும் காரணம் என்னுடையது’ என்றோ தெளிந்து கூறுவது அவளே செய்யத்தக்கது. குழந்தையிடம் வருந்துவதும், வீட்டாரிடம் தன் கோரிக்கையை மீண்டும் வைப்பதும் ஒரே மாலையில் ஒருத்தி செய்யக்கூடிய செயல்கள். இரண்டையும் அவளிடமிருந்து பறித்து, ஒன்றை மாத்திரையிடமும் மற்றொன்றை மறதியிடமும் ஒப்படைப்பதில் அவளுக்கு நன்மை இல்லை. தன் மனநிலைகளுள் எது தனது, எது நோயினது எனப் பிரித்தறிவது அவளுக்கே எளிதன்று. அதனாலேயே அவ்வாய்வைப் பிறர் முந்திச் செய்து முடிப்பது தகாது.

உழைச்செல்வான்

மருத்துவத்தின் நாற்கூற்றுள் உழைச்செல்வானே சந்தாபுராவில் அரியவன். உற்றவள் இருக்கிறாள், தீர்ப்போர் மிகப் பலர், மருந்து தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. உடன்சென்று, அறிந்து, சொல்லியது சொல்லியவாறே கொண்டுசேர்க்கும் நான்காமவர் யார்? ஊரில் எனில் அக்காளோ நாத்தனாரோ அண்டை வீட்டுப் பெண்ணோ உடன் செல்வர். இங்குக் கணவர் மறுமுறை வேலையில் இருப்பார். மாமியார் தமிழன்றிப் பேசார். ஆகவே கன்னடம் பள்ளியில் பயின்ற மகளே பல குடும்பங்களில் உடன் செல்கிறாள். பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமி, தாயின் மாதவிடாய் மாற்றத்தையும் உறக்கத்தையும் முடி உதிர்தலையும் மருத்துவர்க்கு மொழிபெயர்க்கிறாள். முடி உதிர்தலை அவள் எளிதில் சொல்லிவிடுவாள். மாதவிடாய் பற்றி நாணித் தயங்குவாள். எனினும் அரைகுறையாகச் சொல்வாள். ‘சில நாளில் எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது’ எனத் தாய் தாழ்ந்த குரலில் கூறுவதைக் கேட்டுச் சற்றே நின்று, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, மருத்துவரிடம் அவள் சொல்வது ‘சுஸ்து’ என்பது மட்டும்.